கோயில் சுவரில் பெங்களூரு

சந்தாபுராவிலிருந்து ஓசூர் ரோடு வழியா சிட்டிக்குப் போறீங்களா? சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டினதும் மடிவாளா. அங்கே சோமேஸ்வரர் கோயில் சுவரை எப்பவாவது நின்னு பார்த்திருக்கீங்களா?

அதுல தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கு. 1247ஆம் வருஷத்து கல்வெட்டு ஒண்ணு, வெங்களூர் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைத் தானம் கொடுத்ததைச் சொல்லுது. ஆமாங்க, வெங்களூர்னா நம்ம பெங்களூருதான்! கெம்பேகவுடா கோட்டை கட்டினதுக்கும் பல தலைமுறை முன்னாடியே பதிவான பேர் இது.

இந்த மாதிரி கல்வெட்டுகளைத் தேடி ஊர் ஊராப் போறாங்க, நிருபதுங்கா ரோட்டில் இருக்கிற மிதிக் சொசைட்டிக்காரங்க. 1909ல தொடங்கின சங்கம். வயல் வரப்புல, சாக்கடை ஓரத்துல கிடக்கிற கல்லைக்கூட விடுறதில்ல. முப்பரிமாண ஸ்கேனரை வச்சு படம் எடுக்கிறாங்க. கண்ணுக்கே தெரியாம தேய்ஞ்சுபோன எழுத்து கம்ப்யூட்டர் திரையில பளிச்சுனு தெரியுதாம்!

உங்க ஊர்ல எழுத்து வெட்டின கல் ஏதாவது இருக்கா? துணி துவைக்கிற கல்லையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்களேன்.