சுவரில் ஒரு கட்டம்

வலியசாலைத் தெருக்களில் வாசலில் கோலம் போடுவார்கள். வாசல் கோலம் வீட்டாருக்கு மட்டும் இல்லை. தெருவில் போகிற எல்லாரும் பார்ப்பார்கள். சுவர் ஓவியமும் அப்படித்தான்.

2015-ஆம் ஆண்டு திருவனந்தபுரம் நகரின் பொதுச் சுவர்களில் ஓவியர்கள் பெரிய படங்கள் வரைந்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயர் ஆர்ட்டீரியா. சுவரை அழகாக்குவது ஓவியம். அது மனிதரையும் மீட்க உதவுமா?

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா என்ற நகரம் இருக்கிறது. 1984-இல் அங்கே சுவர்களில் கிறுக்கித் திரிந்த இளைஞர்களைக் கொண்டே ஓவியம் வரையச் செய்தார்கள். ஜேன் கோல்டன் என்ற பெண் ஓவியர் அதை முன்னின்று நடத்தினார். பிறகு குடியிலிருந்தும் போதை மருந்திலிருந்தும் மீண்டு வருகிறவர்களையும் இந்த வேலையில் சேர்த்தார்கள்.

தூரிகை பிடித்தே பழகாதவர் அவ்வளவு உயரச் சுவரில் எப்படி வரைவார்? அதற்கு ஒரு வழி உண்டு. ஓவியர் மெல்லிய துணித் துண்டுகளில் படத்தின் கோடுகளை வரைகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் எழுதுகிறார். 1 என்றால் நீலம், 2 என்றால் மஞ்சள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்து நிறம் பூச வேண்டியதுதான். மேசை முன் உட்கார்ந்தே பூசலாம். சாரம் ஏற வேண்டாம். கை நடுங்கினாலும் பரவாயில்லை. பிறகு துணித் துண்டுகளைப் பசை தடவிச் சுவரில் ஒட்டுகிறார்கள். காய்ந்த பின் துணி எது, சுவர் எது என்று தெரியாது.

குடியை விட்டவருக்கு உடம்பு வேதனை சில நாள்தான். வெட்கமோ பல வருடம். 'குடிகாரன்' என்ற பெயர் லேசில் போகாது. வேலை கொடுக்க யோசிப்பார்கள். அவர் ஆள் முகம் பார்க்காமல் ஒதுங்குவார். மறுபடி பாட்டிலைத் தேட அதுவே காரணம் ஆகிவிடும். ஓவிய வேலையில் அவர் பத்துப் பேரோடு உட்காருகிறார். சொன்ன நேரத்துக்கு வருகிறார். அவர் பூசிய கட்டம் நடுத்தெருவில் நிற்கிறது.

யேல் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து 2015-இல் அறிக்கை தந்தார்கள். புதிய ஓவியங்களுக்கு அருகில் வசிப்பவர்களிடம், போதைப் பழக்கம் உள்ளவர்கள் மேல் இருந்த வெறுப்பு குறைந்திருந்தது. வரையாதவர்களின் மனமும் மாறியது, பாருங்கள்!

ஆனால் ஓவியம் மருந்து ஆகாது. பல வருடம் நிறையக் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். கேரளத்தில் விமுக்தி திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. எந்த மாநிலத்திலிருந்தும் 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம். கட்டணம் இல்லை. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. மனைவி பேசலாம், அம்மா பேசலாம்.