தடுமாறும் நினைவு பொய்யன்று

பசுமலைப் பகுதியிலிருந்து எம்மிடம் வரும் பெற்றோர் சிலர், "மகள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகச் சொல்கிறாள், நம்பலாமா?" என்று வினவுகின்றனர். பாலியல் கொடுமைக்கு உள்ளாகும் குழந்தையை அச்சம் ஆட்கொள்ளும்போது, நிகழ்ச்சிகளை வரிசையாகப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியின் பணி குலையக்கூடும். ஒரு வாசனையோ குரலோ ஆழப் பதியும். நாளும் நேரமும் நழுவும். ஆகவே, முன்பின் மாறுவதை மட்டும் கொண்டு பொய்யெனத் தீர்மானிக்கலாகாது.

துருவித் துருவிக் கேட்டால் வேதனை கூடும். நாம் எடுத்துக் கொடுக்கும் சொற்களும் நினைவில் கலந்துவிடும். குழந்தையைச் சாட்சியத்திற்காக நீதிமன்றத்துக்கு மீண்டும் மீண்டும் அழைக்கலாகாது என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் கூறுகிறது.

குறுக்கிடாமல் கேளுங்கள். அவள் சொற்களிலேயே குறித்து வையுங்கள். "உன்மீது தவறில்லை" என்று கூறுங்கள். 1098 எண்ணை அழையுங்கள். காவல்துறையில் புகார் பதிவாகும் முன்னரே மருத்துவ உதவி பெறலாம்.