கட்டடக்கலை படித்தவர் பில்டிங் சேர்வேயர் ஆகலாமா?



கட்டடக்கலை படிக்கும் பிள்ளை "நான் வேறு பக்கம் மாறப் போகிறேன்" என்று சொன்னால், எங்கள் வீடுகளில் அன்று அடுப்பு எரியாது. ஊரை விட்டு வந்து, இரவு வேலை செய்து படிப்பித்த பெற்றோருக்கு அது படிப்பைக் குழப்பியதாகவே படும். பிரித்தானியாவில் அப்படி மாறியவர்களில் நானும் ஒருவன். அதனால் இதை விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

சேர்வேயர் என்றதும் ஊரில் சங்கிலி பிடித்துக் காணி அளந்தவரே நினைவுக்கு வருவார். அது நில அளவை. பில்டிங் சேர்வேயர் கட்டடத்துக்கு வைத்தியர் மாதிரி. சுவர் ஏன் வெடித்தது, ஈரம் எங்கிருந்து வருகிறது, எப்படித் திருத்துவது என்று பார்த்து எழுத்தில் கொடுப்பவர்.

இங்கே 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயர் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பார்ட் 1, 2, 3 என்ற வழமையான பாதையை முடிக்கக் குறைந்தது 7 வருடம் செல்லும். இடையில் நின்று உதவியாளராகவே காலம் தள்ளுபவர்கள் பலர்.

சேர்வேயர்களின் தொழில் நிறுவனம் 1868இல் தொடங்கிய ஆர்.ஐ.சி.எஸ். வேறு துறையில் பட்டம் பெற்றவர் அது அங்கீகரித்த முதுகலைப் படிப்பை முழுநேரமாக ஒரு வருடத்தில், அல்லது வேலை செய்துகொண்டே பகுதிநேரமாக முடிக்கலாம். பிறகு வேலைத்தலப் பயிற்சியும் ஏ.பி.சி. என்ற தகுதி மதிப்பீடும் உண்டு. அதில் சித்தியடைந்தால் சார்ட்டர்ட் சேர்வேயர்.

வரைபடம் வாசிப்பது, கட்டட விதிகள், கட்டுமான முறைகள் எல்லாம் கூடவே வரும். புதிதாகப் படிக்க வேண்டியவை கட்டடக் குறைபாடுகளும் சட்டமும். உதாரணத்துக்கு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குசினியைப் பெருப்பிக்க, அயல்வீட்டிலிருந்து 3 மீற்றருக்குள் அவர்களுடைய அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால், 1996ஆம் ஆண்டு பார்ட்டி வோல் சட்டப்படி ஒரு மாதம் முன்பே அறிவித்தல் கொடுக்க வேண்டும். 14 நாட்களுக்குள் அயலவர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் சட்டம் அதைப் பிணக்கு என்றே கொள்ளும். அதைத் தீர்க்க இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு சேர்வேயரையோ, ஆளுக்கொருவரையோ நியமிக்க வேண்டும்.

இழப்பும் உண்டு. புதிதாக ஒன்றை வரைந்து, அது எழும்புவதைப் பார்க்கும் சந்தோசம் குறையும். பயிற்சிக் காலத்தில் சம்பளமும் குறையலாம். வீட்டுக்கடன் கட்டுபவர்கள் அந்த மாதங்களுக்குக் கணக்குப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். மழைக் குளிரில் கூரையில் ஏறிப் பீலி பார்க்கவும் மனம் வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை மாற விரும்பினால், முதலில் ஒரு கிழமை ஒரு சேர்வேயருடன் வேலைத்தலத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் பேசுங்கள். படித்த வருடங்கள் வீணாகவில்லை, வேறொரு வாசலால் வேலைக்கு வருகின்றன.