லாச்சியிலிருந்து போகும் காலைப் பசியாறல்

வியாபாரிகளாகிய நாம் டொலர் விலையை ஒரு நாளைக்கு மூன்று தடவை விசாரிக்கிறோம். கொள்வனவில் கிலோவுக்கு ஐந்து ரூபா குறைக்க அரை மணித்தியாலம் பேரம் பேசுகிறோம். ஆனால் காலையில் கடையைத் திறந்ததும் லாச்சியை இழுத்து, எண்ணிப் பார்க்காமல் ஒரு நோட்டைப் பொடியனின் கையில் கொடுத்து, "போய் பராட்டா எடுத்துக்கொண்டு வா" என்கிறோம். அந்த நோட்டு எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை. இந்த வாரம் எழுதப் போவது அந்த நோட்டைப் பற்றித்தான்.

புறக்கோட்டையில் நான் விற்பது சட்டி, பானை, இடியப்ப உரல், இடியப்பத் தட்டு. கடையில் என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். காலைப் பசியாறலும் பகல் சாப்பாடும் கடைச் செலவு. பகல் சாப்பாட்டுக்கு மாத முடிவில் மொத்தமாகக் கொடுப்பதால் அது செலவுக் கொப்பியில் எழுதப்பட்டுவிடும். காலைச் சாப்பாடு அப்படியல்ல. இடியப்ப உரலை மற்றவர்களுக்கு விற்றுவிட்டு நான் இருபது வருடத்துக்கு மேலாக ஹோட்டலில் பசியாறி வந்திருக்கிறேன்.

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நான் கொடுத்திருந்த திகதியிட்ட காசோலை ஒன்று வங்கிக்கு வரும் நாளில் கணக்கில் 14,000 ரூபா குறைந்தது. பெரிய தொகை அல்ல. ஆனாலும் காசோலை ஒருமுறை திரும்பிவிட்டால் கடன் கொடுக்கும் மொத்த வியாபாரிகள் மத்தியில் பெயர் எப்படிப் போகும் என்பது இத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். பக்கத்துக் கடை நாநா வாங்கித் தந்த பணத்தில் மானம் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். அது நாடே தலைகீழாகக் கிடந்த காலம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் பணவீக்கம் 94.9 வீதம். ஆகவே நானும் எல்லோரையும் போல் நாட்டு நிலைமை மீது பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

உண்மை தெரிய வந்தது 2024 ரமழானில். என்னிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. மாத முடிவில் பில் கொப்பியின் மொத்தத்தையும், லாச்சியிலிருந்து வங்கிக்குப் போன பணத்தையும் எழுதிய செலவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய 45,000 ரூபா இடிக்கும். சில்லறை, தருமம், முச்சக்கரவண்டிக் கூலி என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். ரமழான் மாதக் கணக்கில் இடித்தது 9,000 ரூபாதான். வியாபாரம் கூடியதால் அல்ல. விற்பனை கூடினாலும் குறைந்தாலும் பில்லுக்கும் லாச்சிக்கும் உள்ள வித்தியாசம் மாறக் காரணமில்லை. தருமம் ரமழானில் கூடுமே தவிரக் குறையாது. நின்றுபோன செலவு ஒன்றே ஒன்றுதான். காலையில் எவரும் சாப்பிடவில்லை.

பெருநாள் முடிந்து கடை திறந்த முதல் நாளே எண்ணத் தொடங்கினேன். அப்போதும் பிறகும் விலைகள் மாறியிருக்கின்றன. ஆகவே இங்கே தருவது 2025 ஆரம்பத்தில் எங்கள் தெருவில் நான் கொடுத்து வாங்கிய விலைகள். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். கணக்குப் போடும் முறை மாறாது. ஒருவருக்குப் பராட்டா இரண்டு 140 ரூபா, மீன் கறி 100, பால் டீ 110. ஆக 350. நான்கு பேருக்கு 1,400. கிழமைக்கு ஆறு நாள் என்றால் 8,400. இருபத்தாறு நாள் திறக்கும் மாதத்தில் 36,400 ரூபா. பத்து மணி டீயும் ரோல்ஸும் இதற்குப் புறம்பு.

இதைக் கேட்டதும் சிலர் ஹோட்டல்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்பார்கள். அது நியாயமில்லை. எங்கள் சமூகத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தொழிலில் வாழ்கின்றன. பராட்டாவில் உள்ள மாவின் காசை மட்டும் பார்த்தால் 70 ரூபா அநியாயம் போலத் தெரியும். ஆனால் நாம் கொடுக்கும் 70 ரூபாவில் கடை வாடகை இருக்கிறது, விடியற்காலை மாவு பிசைபவரின் சம்பளம் இருக்கிறது, கேஸ், மின்சாரம், தண்ணீர், மேலதிகமாகக் கேட்டு வாங்கும் குழம்பு, பின்னேரம் விற்காமல் மிஞ்சுவது எல்லாம் இருக்கின்றன. அவர் விற்பது மாவை அல்ல, வேலையை. அந்த வேலையை நாம் வீட்டில் செய்தால்தான் மிச்சம். அப்படியென்றால் வீட்டில் அந்த வேலையை யார் செய்வது? இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்கத் தவறிவிட்டேன்.

முதல் நாள் நான் போட்ட கணக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். இடியப்பத்துக்கு ஒரு கிலோ அரிசி மா 300, பருப்பு 200 கிராம் 60, வெங்காயம், மிளகாய், மாசி, தேசிக்காய் வகைக்கு 100. மொத்தம் 460. ஹோட்டலில் 1,400. ஒரு நாளைக்கு 940 ரூபா மிச்சம் என்று பெருமையாக வீட்டில் சொன்னேன்.

மனைவி கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டா: "தேங்காய எந்த மரத்துல பறிச்சீங்க? கேஸ் சும்மாவா வருது? டீ குடிக்க மாட்டீங்களா?"

திரும்பவும் எழுதினேன். தேங்காய் ஒன்று, சம்பலுக்கும் சொதிக்குமாக, 200 ரூபா. நான்கு பால் டீக்குப் பால்மா 60 கிராம் அளவில் 160, சீனியும் தேயிலையும் 30. கேஸ் கணக்குத்தான் பலருக்குத் தெரியாதது, ஆகவே சற்று விளக்குகிறேன். 12.5 கிலோ சிலிண்டர் 3,690 ரூபாவுக்கு வாங்கினால் ஒரு கிலோ கேஸ் 295 ரூபா. சாதாரண அடுப்பு ஒன்று மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் எரிக்கும். இடியப்பம் அவிக்க ஒரு அடுப்பு, பருப்பு, சொதி, தேநீருக்கு மற்றொரு அடுப்பு என்று ஒரு மணித்தியாலம் எரிந்தால் 100 ரூபா அளவில் போய்விடும். இவற்றையெல்லாம் சேர்த்தால் 460 ரூபாக் கணக்கு 950 ஆகிறது. மிச்சம் 940 அல்ல, 450.

இதிலே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுச் சமையல் எக்காலத்திலும் மலிவு என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த அதே சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. அந்த விலைக்கும் கிடைக்காமல் தெருவில் வெற்றுச் சிலிண்டரை வைத்து வரிசையில் நின்றோம். அந்த நாட்களில் பாண் வாங்கித் தின்றவர்தான் கெட்டிக்காரர். கணக்கு என்பது விலையோடு சேர்ந்து மாறுவது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, 450 ரூபா மிச்சம் என்று தொடங்கினோம். முதல் இரண்டு கிழமையும் மிச்சம் ஒன்றும் இல்லை, நட்டம்தான். முதல் நாள் சொதி முச்சக்கரவண்டியில் கவிழ்ந்தது. இடியப்பம் ஏழரை மணிக்குக் கடைக்கு வந்து சேரும்போது குளிர்ந்துபோயிருந்தது. பொடியன்மார் மரியாதைக்காக இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, "முதலாளி, ஒரு டீ அடிச்சிட்டு வாறம்" என்று போனார்கள். டீக்குப் போனால் டீயோடு வருவார்களா? கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ் இருக்கும், மீன் பணிஸ் இருக்கும். வீட்டுச் சாப்பாட்டுக்கும் காசு, ஹோட்டலுக்கும் காசு.

இதிலிருந்து எனக்கு விளங்கியது, ஹோட்டலுக்கு நம்மை இழுப்பது பராட்டா அல்ல, சுடச்சுட டீ. எனது கடையில் விற்பனைக்கு இருந்த பெரிய பிளாஸ்க் ஒன்றை எடுத்து, அதன் விலையைச் செலவுக் கொப்பியில் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாளிலிருந்து பால் டீ சூடாக வந்தது. கடையின் பின்பக்கம் ஒரு சஹனை வைத்து நால்வரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிடுகிறோம். ஆளுக்காள் தட்டு வைத்தபோது எஞ்சியது, ஒரே சஹனில் எஞ்சுவதில்லை. ஹோட்டலுக்குப் போக வர என்று இழுபட்ட முக்கால் மணித்தியாலம் இருபது நிமிடமாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் வெளியூர் வியாபாரிகள் பஸ்ஸால் வந்து இறங்குவார்கள். அதனால் கிடைத்த விற்பனை எவ்வளவு என்று நான் எழுதவில்லை. எழுதாததைச் சொல்லவும் மாட்டேன்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யத் தேவையில்லை. பராட்டாவை வீட்டில் முயன்று பார்த்தோம். எண்ணெயும் நேரமும் போனதே தவிர ஹோட்டல் பராட்டா வரவில்லை, விட்டுவிட்டோம். கிழமையில் ஒரு நாள் வீட்டில் இடியப்பம், 950 ரூபா. இன்னொரு நாள் எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு பெண்மணியிடம் நாற்பது வாங்குகிறோம். ஒன்று 15 ரூபா வீதம் 600. சம்பல், சொதி, பருப்பு, டீ சேர்த்து 1,185. ஹோட்டலோடு பார்த்தால் 215 ரூபாதான் மிச்சம், ஆனால் அந்த 600 ரூபா அவருடைய அடுப்பை எரிய வைக்கிறது. இரண்டு நாள் பாண்: இரண்டு இறாத்தல் 280, அரைத் தேங்காய்ச் சம்பல், பருப்பு, டீ எல்லாமாக 735. ஒரு நாள் கடலை. முதல் நாள் இரவு ஊறப்போட்ட 400 கிராம் கடலையை பிரஷர் குக்கரில் அவித்து, வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்தால் டீயுடன் 560 ரூபா. வயிறு பகல் வரை தாங்குவதும் கடலைக்குத்தான். ஆறாவது நாள், சனிக்கிழமை, பழையபடி ஹோட்டல். 1,400. அதை நிறுத்தினால் பொடியன்மார் வேறு கடைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள்! எனக்கும் பராட்டா பிடிக்கும்.

ஆக, கிழமைக்கு 5,565. முன்பு 8,400. மிச்சம் 2,835, நான்கு கிழமைக்கு 11,340 ரூபா.

இந்த 11,340ஐ நான் மிச்சம் என்று எழுதியபோது மனைவி இரண்டாவது தடவையாகக் கொப்பியை வாங்கிப் பார்த்தா. இந்த முறை கேள்வி கேட்கவில்லை. ஸுபஹுக்கு முன் தான் எழும்பும் நேரத்தை மட்டும் சொன்னா. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஹோட்டலில் மாவு பிசைபவரின் சம்பளத்தை நியாயம் என்று ஏற்றுக்கொள்கிறேன். என் வீட்டில், என் கடை வேலையாட்களுக்காக அடுப்படியில் நிற்பவருக்குப் பூச்சியம் போடுகிறேன். வீட்டாருக்குச் சமைப்பது வேறு, கடைக்குச் சமைப்பது வேறு. இரண்டாவது வியாபாரம். செலவில் கூலியை எழுதாமல் விட்டால் அது பொய்க் கணக்கு.

ஒரு நாளைக்கு 300 ரூபா என்று பேசிக்கொண்டோம். அவ சமைக்கும் நான்கு நாட்களுக்கு 1,200. இடியப்பம் வெளியில் வாங்கும் நாளில் தேங்காய் துருவுவது முதல் சொதி வரை மகன் பார்த்துக்கொள்கிறான். மாதத்துக்கு 4,800 ரூபா கடைச் செலவாக எழுதப்பட்டு அவவின் கைக்குப் போகிறது. அவ அதைச் சீட்டில் போடுகிறாவா, மகளுக்குக் கொடுக்கிறாவா என்று நான் விசாரிப்பதில்லை. மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்குரியது என்று மார்க்கம் சொல்லியிருக்கும்போது அதில் எனக்கு என்ன கேள்வி?

அது போக எனக்கு மிஞ்சுவது 6,540 ரூபா. "இவ்வளவு பாடுபட்டு இவ்வளவுதானா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இவ்வளவுதான். ஆனால் இது கையில் உள்ள காசு. இதை லாச்சியிலேயே விட்டிருந்தால் வேறொரு ஓட்டையால் போயிருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை பூட்டும்போது மிச்சத்தை எண்ணி, காசோலைக்கென்று வேறாக வைத்திருக்கும் கணக்கில் போடுகிறேன். இரண்டு மாதத்தில் 13,080 ஆகிறது. 2022 ஓகஸ்டில் எனக்குக் குறைந்தது 14,000.

வேலையாட்கள் இல்லாதவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க முடியாது. ஒருவர் தனியாக அறையெடுத்துத் தங்கியிருந்தால் ஒரு தேங்காயை உடைத்து அரைவாசியைப் பழுதாக்குவதை விட ஹோட்டலே மேல். அவர் பாணும் வாழைப்பழமும் வைத்து, தேநீரை மட்டும் அறையில் ஊற்றிக்கொண்டால் போதும். இரண்டு, மூன்று கடைக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முறை வைத்துக் கொண்டுவரலாம். எங்கள் தெருவில் இப்போது பக்கத்துக் கடை நாநாவும் கேட்டிருக்கிறார். எட்டுப் பேருக்கென்றால் கேஸ் இரட்டிப்பாகாது. வேலை மட்டும் கூடும்.

அதைப் பற்றிப் பேசத்தான் போன கிழமை வீட்டில் வாய் திறந்தேன். மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, "எட்டுப் பேருக்கு முந்நூறா?" என்றா. கொப்பியில் 500 என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் சம்மதம் வரவில்லை.