பிள்ளைகளிடம் குடிபெயரும் முன்: ஓய்வூதியமும் சேமிப்பும் வரியும்

செஞ்சிப் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெறும் ஆசிரியர்களில் சிலர், அமெரிக்கா, சிங்கப்பூர் என்று பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே குடிபெயர்கிறார்கள். விசா முதல் ஊறுகாய் வரை யோசிப்பவர்கள், இங்கே விட்டுச்செல்லும் பணத்தைப் பற்றி யோசிப்பது குறைவு.

பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டுச் சில மாதங்களில் திரும்புவதென்றால் பொதுவாக எதுவும் மாறாது. அங்கேயே தங்குவதென்றால் இரண்டு சட்டங்கள் குறுக்கிடும். அந்நியச் செலாவணிச் சட்டம் நம் நோக்கத்தைப் பார்க்கிறது. காலவரையறையின்றித் தங்கப் போனால் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வருமானவரிச் சட்டமோ நாட்களை எண்ணுகிறது. ஜூன் 1 அன்று விமானம் ஏறினாலும் ஏப்ரல், மே சேர்ந்து 61 நாள் ஆகிவிடுகிறது. முந்தைய ஆண்டுகளெல்லாம் இங்கேயே இருந்தவருக்கு 60 நாளே போதும் என்பதால், அந்த நிதியாண்டில் அவர் இந்தியாவில் வசிப்பவர்தான். அடுத்த ஆண்டுகளில், இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டாதவர் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தால், வரிக்கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர்.

இதனால் கையில் என்ன குறையும்? மாத ஓய்வூதியம் 56,250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,75,000. 2025-26 புதிய வரிமுறையில் நிலையான கழிவு 75,000 போக மீதி 6 லட்சம். ஊரில் இருப்பவருக்கு வரி இல்லை. ஆனால் 12 லட்சம் வரை வரி இல்லை என்று நாம் பேசிக்கொள்வது ஒரு தள்ளுபடியால் வருவது; அது இங்கு வசிப்பவருக்கு மட்டுமே. அயல்நாட்டில் இருப்பவர் 4 லட்சத்துக்கு மேற்பட்ட 2 லட்சத்துக்கு 5 சதவீதம், அதன்மேல் கூடுதல் வரியும் சேர்த்து 10,400 ரூபாய் கட்ட வேண்டும்.

வைப்புத்தொகை வட்டியில் அடி இன்னும் பெரிது. 15எச் படிவம் இனிச் செல்லாது, என்.ஆர்.ஓ. வட்டியில் வங்கி 30 சதவீதமும் கூடுதல் வரியும் பிடித்துவிடும். அந்நாட்டு வரித்துறையிடம் வசிப்பிடச் சான்று பெற்றுக் கொடுத்தால், அமெரிக்கா, சிங்கப்பூர் ஒப்பந்தங்களின்படி 15 சதவீதமாகக் குறையும். கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற முடியும். பி.பி.எஃப். கணக்கை முதிர்வு வரை வைத்திருக்கலாம், நீட்டிக்க முடியாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகச் சேரவும் முடியாது.

அமெரிக்கா செல்வோர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி அரசு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக இந்தியாவில் மட்டுமே வரி. கிரீன் கார்டு பெற்றவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஓய்வூதியத்தை அங்கும் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. இந்திய வங்கிக் கணக்குகளில் உள்ள மொத்தத் தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தனியே தெரிவிக்க வேண்டும். பணிக்கொடையும் சேமநல நிதியும் சேர்ந்தாலே அந்த அளவு எளிதில் வந்துவிடும்.

ஆண்டுதோறும் கருவூலத்துக்கு அளிக்கும் வாழ்நாள் சான்றை இந்தியத் தூதரக அதிகாரியிடமோ நோட்டரியிடமோ கையொப்பம் பெற்று அனுப்பலாம். புறப்படும் முன் பான், ஆதார், வங்கி மூன்றிலும் அங்கிருந்து பயன்படுத்தக்கூடிய கைப்பேசி எண்ணைப் பதிந்துவிடுங்கள், ஓ.டி.பி. வராவிட்டால் இவற்றில் பலவும் நின்றுபோகும்.