வருமுன் காத்தல்

தெளிந்த இரவில் வானத்தை நோக்கினால், ஒளிக்கோடு ஒன்று தோன்றி இமைப்பொழுதில் மறையக் காணலாம். அதனை எரிமீன் என்று வழங்குவர். விண்வெளியில் திரியும் சிறு துகள் ஒன்று காற்று மண்டலத்துள் விரைந்து புகுந்து, வெப்பமுற்று எரிவதே அவ்வொளிக்குக் காரணமாகும். இத்தகைய துகள்கள் நாள்தோறும் எண்ணிறந்தன வருகின்றன. காற்று மண்டலம் கவசம் போல் நின்று நம்மைக் காத்தலின், அவற்றால் தீங்கொன்றும் இல்லை. ஆயின், வருவது துகளாக இராமல் பாறையாகவோ குன்றாகவோ இருப்பின் யாது நேரும்?

1908ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றை அடுத்த காட்டின்மேல் விண்பொருள் ஒன்று வானிலேயே வெடித்தது. ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மரங்கள் சாய்ந்தன. அஃது ஊர்கள் நெருங்கிய இடமன்று. ஆதலின் பேரழிவு நேரவில்லை. 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் காலையில், ரஷிய நாட்டுச் செல்யாபின்ஸ்க் நகருக்கு அருகே, ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று வானில் வெடித்தது. பேரொளியைக் கண்டு பலர் பலகணியருகே சென்று நின்றனர். ஒளி முந்தி வந்தது. அதிர்ச்சி அலை சிறிது நேரங் கழித்து வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மருத்துவ உதவி நாடினர். கதிரவன் இருந்த திசையிலிருந்து வந்தமையால், அக்கல்லை எவரும் முன்னர்க் கண்டிலர்.

இவ்விண்பொருள்கள் இருவகைப்படும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெரும்பாலும் சுற்றி வரும் பாறைகள் சிறுகோள்கள் எனப்படும். தொலைவிலிருந்து வரும் பனிக்கட்டியும் தூசியும் கலந்த பொருள்கள் வால்மீன்கள் எனப்படும். இவற்றுட் சிலவற்றின் பாதை நிலவுலகின் பாதையைக் குறுக்கிடுகின்றது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள ஒன்று இன்றைய மெக்சிகோ நாட்டுப் பகுதியில் மோதியது. அதனால் விளைந்த கேட்டில் டைனோசர்கள் மாண்டன என்பது அறிஞர் முடிபு.

அவ்விலங்குகளுக்குத் தொலைநோக்கி இல்லை, கணிதமும் இல்லை. நமக்கு இரண்டும் உள. ஆதலின் நம் முதற் கடமை கண்டறிதலாகும். ஒரு சிறுகோளைப் பல இரவுகள் நோக்கி, அஃது இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால், அதன் பாதையைக் கணக்கிடலாம். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று 2032இல் நிலவுலகின்மேல் மோதக்கூடும் என்னும் ஐயம் எழுந்தது. அதற்கான வாய்ப்பு நூற்றில் மூன்று என்னும் அளவுக்கு உயர்ந்தது. மேலும் நோக்கியபின், பாதை தெளிவாகி, அவ்வையம் நீங்கியது. முதற்கணக்கைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. தொடர்ந்து நோக்குதலே வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

மோதுவது உறுதியாயின் என் செய்வது? உடைத்துவிட்டால், துண்டுகள் பலவாய்ப் பெருகி வந்து வீழவுங்கூடும். பாதையைச் சற்றே மாற்றுதல் அதனினும் நன்று. ஒரு சிறுகோளின் வேகத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மாற்றுவதாகக் கொள்வோம். எளிய கணக்கின்படி அஃது ஒரு நாளில் 864 மீட்டர் விலகும். ஓராண்டில் 315 கிலோமீட்டர் விலகும். இருபது ஆண்டுகளில் 6,300 கிலோமீட்டர் விலகும். நம் உலகின் ஆரமும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டு நாள்களே எஞ்சியிருக்கும்போது இதே முயற்சியைச் செய்தால், விலகல் இரண்டு கிலோமீட்டரும் இராது. காலத்தாற் செய்த சிறுமுயற்சியின் பெருமை இதனால் விளங்கும்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. டைமார்போஸ் என்பது ஏறத்தாழ 160 மீட்டர் அகலமுள்ள சிறுகோள். டிடிமோஸ் என்னும் பெரிய சிறுகோளைச் சுற்றி வருவது. அதனால் நமக்கு இடர் ஒன்றுமில்லை. ஆய்வுக்கென்றே அதனைத் தேர்ந்தனர். அமெரிக்க நாசா நிறுவனம் ஏவிய டார்ட் என்னும் விண்கலம், 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் மோதியது. கற்களும் புழுதியும் சிதறின; அச்சிதறலின் எதிர்விசையும் சேர்ந்து சிறுகோளைத் தள்ளியது. முன்னர் 11 மணி 55 நிமிடத்தில் ஒருமுறை சுற்றிய டைமார்போஸ், பின்னர் அரைமணிக்கு மேல் குறைந்த காலத்தில் சுற்றலாயிற்று. விண்பொருள் ஒன்றன் இயக்கத்தை மனிதன் வேண்டுமென்றே மாற்றியது இதுவே முதன்முறை.

எனினும் பணி முடிந்துவிடவில்லை. கதிரவன் பக்கமிருந்து வருவனவற்றைக் காண்பது இன்றும் அரிது. நெடுந்தொலைவிலிருந்து வரும் வால்மீன்களோ மிகக் குறுகிய கால எச்சரிக்கையே தருவன. விளைந்த கதிரைக் காக்கும் உழவன், பரண்மேல் விழித்திருந்தாலன்றிக் கையிலுள்ள கவணால் பயன் இல்லை. கவண் நமக்குக் கிடைத்துவிட்டது. விழித்திருத்தலே இனி நம் கடன். வானில் வருங்கல் நாட்டெல்லை அறியாது. ஆதலின் அதனைக் காக்கும் பணியும் எல்லா நாட்டாரும் ஒன்றுகூடிச் செய்வதாகும். மாணவர்களே, கணிதமும் வானநூலும் கற்று, அப்பரண்மேல் நிற்போருள் நீங்களும் ஒருவராகலாம்.