நெல்லின் தாய்வழியைக் காட்டும் பசுங்கணிகம்

தமிழக விவசாயிகள் நன்கறிந்த ஐ.ஆர்.20 நெல்லுக்குத் தந்தை, நம் திரூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம்.6. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதன் வழியாக வந்தது. ஆனால் ஐ.ஆர்.20-இன் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தில் திரூரின் பங்கு எதுவும் இல்லை. அது தாய்வழியில் இந்தோனேசியாவின் பேட்டா ரகத்திலிருந்து வந்தது.

ஏன் இப்படி?

ஒளிச்சேர்க்கை நடக்கும் இடமான பசுங்கணிகத்துக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. நெல்லில் உட்கருவின் டி.என்.ஏ. சுமார் 39 கோடி கார இணைகள் கொண்டது. பசுங்கணிகத்தினுடையது வெறும் 1,34,525. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1989-இலேயே அதை முழுமையாகப் படித்துவிட்டார்கள். உட்கருவுக்குத் தாயும் தந்தையும் சரிபாதி தருகிறார்கள். பசுங்கணிகமோ சூல்முட்டை வழியாக மட்டுமே விதைக்குள் போகிறது. மகரந்தம் அதைக் கொண்டுவருவதில்லை. அதனால் தந்தைவழியுடன் கலப்பு இல்லை. மாற்றங்களும் மெதுவாகத்தான் சேர்கின்றன.

69 கார இணைகள்

அந்தச் சில மாற்றங்களே வரலாற்றுச் சான்றுகள். பயிரிடும் நெல்லின் இரு முக்கியப் பிரிவுகளில் ஒன்றான இண்டிகா ரகங்கள் பெரும்பாலானவற்றின் பசுங்கணிகத்தில் ஓரிடத்தில் 69 கார இணைகள் விடுபட்டிருக்கின்றன. மற்றொன்றான ஜப்பானிகாவின் ரகங்களில் பொதுவாக அவை அப்படியே உள்ளன. இந்த இரு வகைப் பசுங்கணிகங்களும் காட்டு நெல்லிலும் காணப்படுகின்றன. ஆகவே, மனிதர் நெல்லைப் பயிரிடத் தொடங்கும் முன்பே இந்தத் தாய்வழிகள் பிரிந்துவிட்டன எனலாம்.

ஆனால் பசுங்கணிகம் ஒரு வழியை மட்டுமே காட்டும். கதிரிலிருந்து மணி உதிராமல் காக்கும் 'எஸ்.ஹெச்.4' மரபணு வடிவம் உட்கருவில் இருக்கிறது. அது இரு வகை நெல்லிலும் ஒன்றாகவே இருப்பது 2006-இல் தெரியவந்தது. தாய்வழிகள் தனித்தனியே இருந்தபோதும் மகரந்தம் எல்லை தாண்டியிருக்கிறது.

குறுகிய தாய்வழி

பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1962-இல் பேட்டாவைத் தாயாகவும், தைவானின் குட்டை ரகம் ஒன்றைத் தந்தையாகவும் கொண்டு செய்த கலப்பிலிருந்து ஐ.ஆர்.8 உருவானது. பேட்டாவின் தாய் 'சினா' என்ற ரகம். பின்னர் வந்த பல ஐ.ஆர். ரகங்களும் அதே சினா வழியில் வந்தவை. தந்தைகள் பல நாடுகளிலிருந்து வந்தாலும் தாய்வழி குறுகியே இருந்தது.

இதன் ஆபத்தை அமெரிக்க மக்காச்சோளம் 1970-இல் காட்டியது. அங்கே பெரும்பாலான வீரிய ரகங்கள் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை. அதில் இருந்த மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு பலவீனத்தால் இலைக்கருகல் நோய் நாட்டின் பல பகுதிகளில் பரவியது. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகத்தைப் போலத் தாய்வழியே வருவது.

பரிகாரம் எளிது. கலப்பு செய்யும்போது பாரம்பரிய ரகத்திலிருந்து மகரந்தத்தை மட்டும் எடுத்தால் அதன் பசுங்கணிகம் புதிய ரகத்துக்கு வராது. அதன் பூவிலேயே மகரந்தப் பைகளை நீக்கி, அதைத் தாயாக வைத்தால் வரும். விதை வங்கிகளில் உள்ள ரகங்களின் பசுங்கணிகத்தைப் படித்து வைத்தால், எவற்றைத் தாயாக எடுக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானிக்க முடியும்.